யார் சாவார் என்று சித்தப்பாவுக்குத் தெரியும்

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் யார் மேலாவது சந்தேகம் வந்தால் நேரே கேட்க மாட்டார்கள். அவர் வெளிக்கிடும்போது கூடவே ஒரு பிள்ளையை அனுப்பிவிடுவார்கள். "பிள்ளை வீட்டுக்குள்ளையே கிடக்குது, அதையும் ஒருக்கால் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று அக்கறையாகச் சொல்வார்கள். இது வேவு என்பது போகிறவருக்கும் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது அனுப்புகிறவருக்கும் தெரியும். பிள்ளைக்கு எப்படியும் ஒரு ஐஸ்கிரீம் கிடைக்கும்.

எனக்கு அந்த உத்தியோகம் பத்து வயதில் கிடைத்தது. நோர்வேயில் ஸ்டோவ்னர் என்கிற இடத்தில் எட்டாம் மாடியில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா. சித்தப்பாவுக்கு அப்போது முப்பத்துநாலு வயது. ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. குடியில்லை, கொழுவல் இல்லை, யாரையும் அதிர்ந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. குறையென்று சொல்வதானால் ஒன்றுதான், கலியாணம் கட்டவில்லை. கேட்டால் சிரித்துக்கொண்டு தேத்தண்ணி போடப் போய்விடுவார். சனிக்கிழமை மத்தியானம் குளித்து, சட்டையை மடிப்புக் கலையாமல் அயர்ன் பண்ணிப் போட்டு, கழுத்தில் சென்ட் பூசிக்கொண்டு வெளிக்கிடுவார். எங்கே என்றால், ஹவுகெட்டோவில் ஒரு நண்பர் வீட்டில் பழைய அமெரிக்கப் படம் பார்க்க என்பார். அதுவும் கறுப்பு வெள்ளைப் படம்.

அம்மா அதை நம்பவேயில்லை. "ஆரைப் பேய்க்காட்டுறார்? கறுப்பு வெள்ளைப் படத்துக்கு ஆர் சென்ட் பூசிக்கொண்டு போறது?" என்று அப்பாவிடம் கேட்டார். ஹவுகெட்டோவில் ஒரு வெள்ளைக்காரி இருக்கிறாள் என்பது அம்மாவின் முடிவு. பக்கத்து நகரமான திராமனில் இருந்த மாமிக்கு, அதாவது அப்பாவின் அக்காவுக்கு, சந்தேகம் அம்மா மேல். சித்தப்பாவைக் கறிக்கு வெங்காயம் வெட்டவும் என்னைப் பள்ளிக்கூடத்தில் இருந்து கூட்டிவரவும் வைத்திருப்பதற்காக, வருகிற சம்பந்தத்தையெல்லாம் அம்மாதான் தட்டிவிடுகிறார் என்று மாமி ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு எல்லார் மேலும் சந்தேகம், ஆனால் எழும்பிப் போய் விசாரிக்கப் பஞ்சி. எனவே நான் போனேன்.

ஹவுகெட்டோவில் வெள்ளைக்காரி இல்லை. டி-பானா என்கிற சுரங்க ரயிலில் நகரத்துக்கு வந்து, அங்கிருந்து ரயில் மாறிப் போய் இறங்கி, நிலையத்துக்குப் பின்னாலுள்ள மேட்டில் ஏறினால் ஒரு வீட்டின் கீழ்த்தளம். அங்கே தமிழ்நாட்டில் இருந்து படிக்க வந்து ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் வேலைக்கு நின்றுவிட்ட ஒருவர் இருந்தார். நான் அவரை இந்தியா மாமா என்று கூப்பிட்டேன். அவர் கதவைத் திறந்ததும் "வா பாப்பா, என்ன சாப்பிடுற?" என்றார். எங்களுக்குப் பாப்பா என்றால் கைக்குழந்தை. பத்து வயதுப் பிள்ளையை இப்படிச் சொல்கிற ஆள் மேல் எனக்கு அந்த நிமிடமே சந்தேகம் விழுந்துவிட்டது. ஆனால் அவர் போட்ட முட்டைத்தோசை நன்றாகத்தான் இருந்தது.

சுவரில் வெள்ளைப் படுக்கை விரிப்பை ஆணியடித்து, அதில் படம் காட்டினார்கள். கீழே நோர்வேஜிய எழுத்து ஓடும், அதை நான் வாசித்துக்கொள்வேன். முதல் படம் ஒரு ஹோட்டலைப் பற்றியது. அதன் முகாமையாளர் வெள்ளைக் கையுறை போட்டிருந்தார், பூச்சாடியில் பூக்களைத் திருத்தி வைத்தார், நகைச்சுவையாகக் கதைத்தார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. படம் தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, சித்தப்பா மெல்லச் சொன்னார், "இவர் முடிவு மட்டும் வரமாட்டார்." இந்தியா மாமா பெருமூச்சு விட்டு, "பாதி வரைக்கும் தாங்குனாலே பெரிசு" என்றார். சொன்னபடியே பாதியில் அந்த மனிதர் லிஃப்ட் குழிக்குள் விழுந்து செத்தார்.

முன்னமே பார்த்த படம், எனக்கு முன்னால் விண்ணானம் காட்டுகிறார் என்று நினைத்தேன். அடுத்த கிழமை நானே ஸ்டோவ்னர் நூலகத்தில் ஒரு டிவிடியை எடுத்து, ஹவுகெட்டோ போகும்வரை பையை விட்டு வெளியே எடுக்கவில்லை. அது கப்பல்காரர்களின் படம். அதில் ஒருவன் தன் கூட்டாளியின் கலியாணத்துக்காக அவனுடைய சப்பாத்தை உட்கார்ந்து மினுக்கிக்கொண்டிருந்தான். சித்தப்பா அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்ன, இவரும் சாவாரோ?" என்று நான் கேட்டேன். "ஓம் பிள்ளை" என்றார். அவன் கடலில் குதித்துச் செத்தான்.

இது என்ன மாயம் என்று எனக்குத் தலை வெடித்தது. அவர்களைக் கேட்டுப் பார்த்தேன். அந்த நாளில் அமெரிக்காவில் படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு சட்டம் இருந்ததாம். சில ஆட்களை நேரே காட்டக் கூடாதாம், அதனால் ஒளித்து ஒளித்துக் காட்டுவார்களாம். எந்த ஆட்கள் என்று கேட்டேன். சித்தப்பா இந்தியா மாமாவை ஒருதரம் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"கலியாணம் கட்டாத ஆக்கள் எண்டு வையன்."

"அப்ப ஏன் சாக்காட்டினம்?"

"காட்டினால் கடைசியிலை தண்டனை குடுக்கோணும். அதுதான் சட்டம்."

"இல்லேன்னா காமெடி பண்ணணும்" என்றார் இந்தியா மாமா. "ரெண்டுல ஒண்ணு. வேற வழி கெடையாது."

இவர்கள் எதையோ விழுங்குகிறார்கள் என்று தெரிந்தது. கலியாணம் கட்டாதது ஒரு குற்றமா? எங்கள் வகுப்பு ஆசிரியைகூடக் கட்டவில்லை, அவரை யாரும் லிஃப்ட் குழிக்குள் தள்ளவில்லை. வாயைப் பிடுங்கிப் பார்த்தும் பலனில்லாததால் நானே கண்டுபிடிப்பது என்று ஒரு கொப்பி வாங்கினேன். ஒவ்வொரு படத்திலும் சாகிற ஆளிடம் என்ன இருந்தது என்று, பாதி நோர்வேஜிய மொழியிலும் பாதி தமிழிலும் எழுதத் தொடங்கினேன். சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. வாசனை பூசினார். தாயைப் பற்றிக் கதைத்தார், மனைவியைப் பற்றிக் கதைக்கவில்லை. பூவோ, பாட்டோ, நல்ல சமையலோ ஏதாவது ஒன்று தெரிந்திருந்தது. இன்னொரு ஆம்பிளையின் சிகரெட்டைப் பற்றவைத்துவிட்டு, நெருப்பு அணைந்த பிறகும் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றார். பொம்பிளைகள் என்றால் கோட்டும் டையும் போட்டிருந்தார்கள், அல்லது சிறைச்சாலைக்குக் காவலாக இருந்தார்கள். அவர்களும் தப்பவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். ஆகப் பழைய படங்களில் இந்த ஆட்கள் சாகவில்லை. தையற்காரராக, நாடகக் கொட்டகையில் உடுப்பு மாற்றிவிடுகிறவராக வந்து, கையை ஆட்டி நடந்து, எல்லாரையும் சிரிக்கவைத்துவிட்டுப் போனார்கள். ஒரு படத்தில் ஆம்பிளை உடுப்புப் போட்ட ஒருத்தி இன்னொருத்தியின் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள், அவளை ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. அதற்குப் பிறகு வந்த படங்களில்தான் ஒளிப்பும் சாவும். காலம் போகப் போக மனிதர்கள் நல்லவர்களாவார்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருந்ததால் இது எனக்குப் பெரிய புதிராக இருந்தது. போன வருடம் நகரத்தில் ஒரு பழைய படக் காட்சிக்குப் போனேன். படத்துக்கு முன்னால் ஒரு பேராசிரியர் ஏறி நின்று, தணிக்கை விதிகள் எப்படி இறுகின, எழுதுகிறவர்கள் சொல்ல முடியாததைக் கையுறையிலும் கைக்குட்டையிலும் எப்படி ஒளித்தார்கள், விதி தளர்ந்த பிறகும் இவர்களைச் சாகடிக்கும் பழக்கம் எப்படிப் போகாமல் நின்றது என்று முக்கால் மணி நேரம் விளக்கினார். எல்லாம் என் கொப்பியில் இருந்த விஷயம்தான். எழும்பி நின்று சொல்லவேண்டும் போல இருந்தது, கூச்சத்தில் விட்டுவிட்டேன்.

ஆறேழு படம் முடிய நானே சொல்லத் தொடங்கினேன். ஆள் திரையில் வந்து தொப்பியைக் கழற்றியதும் "இவர்தான்" என்பேன், தப்பாது. இந்தியா மாமா கைதட்டினார். சித்தப்பா "கெட்டிக்காரி" என்றார், ஆனால் முகத்தில் சந்தோசம் இல்லை. தன்னுடைய வித்தையை நான் பிடித்துவிட்டதில் எரிச்சல் என்று நினைத்து நான் இன்னும் பெருமைப்பட்டேன்.

இதற்கிடையில் என்னுடைய மற்ற உத்தியோகமும் நடந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் வீட்டுக்கு வந்ததும் அம்மா குசினிக்குள் கூப்பிட்டு, "பொம்பிளையள் ஆரும் வந்தவையோ?" என்று கேட்பார். "ஒருத்தரும் இல்லை" என்பேன். முதலில் அம்மாவின் முகம் தெளிந்தது. ஒரு மாதம், இரண்டு மாதம் அப்படியே போயிற்று. பிறகு அதே பதிலுக்கு அம்மாவின் முகம் யோசனையாக மாறியது. "ஒரு பொம்பிளையும் இல்லையோ? ஒருநாளும்?" என்று திருப்பிக் கேட்டார். நல்ல செய்தியைச் சொன்னால் இப்படிக் கவலைப்படுகிற ஆளை என்ன செய்வது என்று எனக்குச் சலிப்பாக இருந்தது.

பனி கரையும் காலத்தில் மாமி திராமனில் இருந்து ஒரு சாதகக் குறிப்போடும் போட்டோவோடும் வந்தார். பெண் அங்கேயே பல் வைத்தியர் ஒருவரிடம் உதவியாளர், நல்ல குடும்பம். குறிப்பை யாழ்ப்பாணத்துச் சாத்திரியாரிடம் அனுப்பிப் பார்த்தாயிற்று, பத்தில் எட்டுப் பொருத்தம். அம்மாவும் வாய் நிறையச் சிரித்து, "நல்லாத்தான் இருக்கு" என்றார். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போவது என்று முடிவாயிற்று. சித்தப்பா ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அந்தக் கிழமை முழுக்க அவர் சாப்பாட்டைத் தட்டில் அளைந்துவிட்டு எழும்பியதை நான் கண்டேன், வெட்கம் என்று மாமி சொன்னதை நம்பிவிட்டேன்.

ஞாயிறு மத்தியானம் மாமி பட்டுச் சேலையில் வந்து ஹோலில் உட்கார்ந்துவிட்டார். அம்மா குசினியில் பயத்தம் பணியாரமும் ரோல்ஸும் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் சும்மா சித்தப்பாவின் அறையை எட்டிப் பார்த்தேன். அவர் கண்ணாடிக்கு முன்னால் நின்றார். சட்டையில் மடிப்பு. கழுத்தில் வாசனை. சின்ன மேசையில் செத்துப்போன தன் தாயின் படத்துக்கு அவரே கட்டிப் போட்ட பூமாலை. போன சனிக்கிழமை ஹவுகெட்டோவில் வாசலுக்கு வெளியே இந்தியா மாமாவின் சிகரெட்டைப் பற்றவைத்தது நினைவுக்கு வந்தது. இரண்டு பேரும் ஒன்றும் கதைக்காமல் நின்றதும் நினைவுக்கு வந்தது. கொப்பியை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்து, சித்தப்பாவிடம் இருப்பதற்கெல்லாம் பக்கத்தில் சரி போட்டேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. சித்தப்பாவுக்கு எல்லாமே இருந்தது.

குசினிக்கு ஓடிப்போய் அம்மாவின் சேலையைப் பிடித்து, "அம்மா, சித்தப்பா சாகப்போறார்" என்றேன்.

"நல்ல நாளிலை என்ன வாய் உது?" என்று அம்மா கையை ஓங்கினார். நான் கொப்பியை நீட்டினேன். படத்தில் சாகிற எல்லாரிடமும் இவைதான் இருந்தன, சித்தப்பாவிடமும் இருக்கிறது, பாருங்கோ என்று அழுதேன். அம்மா நோர்வேஜிய மொழியை விரல் வைத்துத்தான் வாசிப்பார். அன்றும் விரலை வைத்து மேலிருந்து கீழே ஒருதரம் வாசித்தார். பிறகு இன்னொருதரம் வாசித்தார். சிகரெட் வரியில் விரல் நின்றுவிட்டது. பக்கத்தில் நான் சித்தப்பாவுக்கென்று போட்ட சரி அடையாளங்களைப் பார்த்தார். அவர் முகம் வெளிறியதைக் கண்டு எனக்கு இன்னும் பயம் கூடியது.

"இதை ஆருக்கும் காட்டினனியோ?"

"இல்லை."

"சித்தப்பாவுக்கு?"

"இல்லை அம்மா."

அம்மா அந்தத் தாளைக் கிழித்தார். தண்ணீர்க் குழாயைத் திறந்து அதற்குக் கீழே பிடித்து, மை கரைந்து தாள் களியாகும் வரை பிசைந்தார். நான்கு மாத வேலை. ஹோலில் இருந்து மாமி எழும்பி வந்து, "என்ன ரெண்டு பேரும் குசுகுசுக்கிறியள்?" என்று கேட்டார். மாமிக்கு எங்கே என்ன நடந்தாலும் மூக்கில் வேர்த்துவிடும். "பள்ளிக்கூட வீட்டுப்பாடம் மச்சாள். முழுக்கப் பிழை பிழையாய் எழுதி வச்சிருக்கிறாள்" என்றார் அம்மா. ஒரு பிழைகூட இல்லாத தாள் அது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஹோலுக்குப் போய் மாமிக்கு முன்னால் உட்கார்ந்தார். நானும் பின்னால் போனேன். அப்பா சோபாவில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா அறை வாசலில் வந்து நின்றார்.

"மச்சாள், கோவிக்கக் கூடாது. நாங்கள் இண்டைக்கு அங்கை போகேலாது" என்றார் அம்மா. "தம்பியின்ரை குறிப்பிலை நேரம் பிழை."

சித்தப்பா பிறந்த நேரம் விடியப்புறமில்லையாம், அதற்கு ஒன்றரை மணித்தியாலம் முன்னாலாம். குறிப்பு எழுதும்போது வேண்டுமென்றே மாற்றிக் கொடுத்திருக்கிறார்களாம். சரியான நேரத்துக்குப் பார்த்தால் எட்டில் செவ்வாய், கூடச் சனியும். கட்டினால் இரண்டு பேரில் ஒருவரின் உயிருக்கு மோசம். மாமியின் முகம் சிவந்தது.

"உமக்கு இதெல்லாம் ஆர் சொன்னது?"

"உங்கடை அம்மாதான். கண் மூடுறதுக்கு முன்னம் என்னைத் தனியக் கூப்பிட்டுச் சொன்னவ."

"பெத்த பிள்ளை எனக்குச் சொல்லாததை உமக்குச் சொன்னவவோ?"

"ஓம் மச்சாள். எனக்குத்தான் சொன்னவ."

"எட்டுப் பொருத்தம் எண்டு அண்டைக்குச் சிரிச்சீர்?"

அம்மா மடியில் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தார். மாமி அப்பாவைப் பார்த்தார். அப்பா பேப்பரை மடித்து வைத்து, அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "குறிப்பு எண்டால் குறிப்புத்தான். அந்தப் பிள்ளைக்கு ஒண்டு நடந்தால் ஆர் பதில் சொல்றது?" என்றார். மாமி எழும்பினார். வேலைக்காரன் போய்விடுவான் என்று பயந்து தன் தம்பியின் வாழ்க்கையைக் கெடுத்த பொம்பிளை என்று அம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னார். சப்பாத்தைக்கூடச் சரியாக மாட்டாமல் போனார். இரண்டு வருடம் எங்கள் படி மிதிக்கவில்லை. கோயில் திருவிழாவில் கண்டாலும் அம்மாவைப் பார்க்காத மாதிரி அர்ச்சனைத் தட்டோடு மறுபக்கம் திரும்பிவிடுவார். அந்தக் குறிப்புக் கதை நாட்டின் மற்றக் கரையில் இருக்கிற பெர்கன் வரை போனது. பிறகு சித்தப்பாவுக்கு ஒரு சம்பந்தமும் வரவில்லை.

கதவு சாத்திய பிறகு சித்தப்பா அம்மாவைப் பார்த்து "அண்ணி" என்றார். அம்மா எழும்பி, "சட்டையை மாத்திப்போட்டு வாங்கோ தம்பி, ரோல்ஸ் ஆறப்போகுது" என்றார். திராமனுக்குக் கட்டிய பலகாரத்தை நாங்களே சாப்பிட்டோம். சித்தப்பா ஒரு கிழமைக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டார். செவ்வாய் எட்டில் நிற்கும்போது இவருக்கு எப்படிப் பணியாரம் இறங்குகிறது என்று நான் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சித்தப்பா இன்றைக்கும் இருக்கிறார். ஹவுகெட்டோவில் அந்த இந்தியா மாமாவோடு ஒரே வீட்டில் பதினாறு வருடமாக இருக்கிறார், இனிப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டரிடம் ஏச்சு வாங்குகிறார். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? நான் கண்டுபிடித்ததைச் சாத்திரமும் சொல்லிவிட்டது. லிஃப்ட் குழிக்குள் விழுந்த கையுறைக்காரருக்கு ஒரு சாட்சிதான் இருந்தது, சித்தப்பாவுக்கு இரண்டு. பின்னேரம் அம்மா தனியே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"எட்டிலை செவ்வாய் எண்டால் சித்தப்பா சாவாரோ அம்மா?"

அம்மா குழாயைப் பூட்டினார். ஈரக் கையாலேயே என் முகத்தைப் பிடித்தார். அவரும் அழுதிருக்கிறார் என்று அப்போதுதான் கண்டேன்.

"உதெல்லாம் படத்திலை பிள்ளை. இஞ்சை நான் இருக்கிறன்."

அதைக் கேட்டு எனக்கு அழுகை கூடியதே தவிரக் குறையவில்லை. அம்மாவுக்கு ஐந்தடிதான் உயரம். நோர்வேஜிய மொழிச் சோதனையில் இரண்டு தரம் தவறியவர். மாமிக்கு முன்னால் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்ததை நானே பார்த்தேன். செவ்வாயோ வானத்தில் இருக்கிற ஒரு கிரகம். இவர் அதோடு என்ன மல்லுக்கட்டப் போகிறார் என்று தேம்பித் தேம்பி அழுதேன். அந்தச் செவ்வாயை அன்று மத்தியானம் எட்டாம் வீட்டில் கொண்டுபோய் வைத்ததே அம்மாதான் என்று எனக்குத் தெரியவில்லை.